ஜன்னலின் மூக்கு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

நான் இருந்தேன். என் தம்பி இருந்தான். எங்கள் மருமகள், அதாவது தம்பி மகனின் மனைவி, இருந்தாள். அவளைப் பெற்ற சம்பந்தியும் சம்பந்தி அம்மாளும் இருந்தார்கள். வீடே அவர்களுடையது. சம்பந்தி அம்மாளின் தம்பியும் இருந்தார். அவருக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது நான் அல்ல, அவருடைய சொந்த அக்காவே வைத்தது.

தம்பி மகன் அங்கே இல்லை. அவன் வெளியூரில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் ஓரம் பூசிக்கொண்டிருந்தான். அவன் வந்து மாமியாரிடம் சத்தம் போட்டான் என்று சொல்பவர்கள் பகலிலேயே கனவு காண்கிறார்கள்.

எங்கள் குடும்பத் தொழில் உங்களுக்குத் தெரியும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, வெளிக்கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, மழைத் தண்ணீர் புகாமல் சிலிக்கான் பூசுவது. பூசுகிறவன் தம்பி. வாக்குக் கொடுப்பவள் நான். தொலைபேசியை எடுத்ததும் நான் சொல்வது ஊருக்கே மனப்பாடம். "எங்க கை பட்ட இடத்துல ஊசி நுழைய ஓட்டை இருக்காது."

சம்பந்தியின் புது மாடி அறைக்கும் நாங்கள்தான் பூசினோம். முதல் பெருமழைக்கே அறைக்குள் தண்ணீர் வந்து மரத்தரை உப்பிவிட்டது. அப்போது மருமகள் தாய்வீட்டில் தங்கியிருந்தாள். மறுநாளே சம்பந்தி அம்மாள் என்னை வரவழைத்து, ஈரத்தரையில் நிற்கவைத்துப் பேசினாள்.

"ஜன்னலையும் உங்களை நம்பித்தான் குடுத்தோம். பொண்ணையும் உங்களை நம்பித்தான் குடுத்தோம். ஒண்ணு ஒழுகிடுச்சு. இன்னொண்ணைத் திருப்பி அனுப்ப யோசிக்க வேண்டியிருக்கு."

நான் குரலை உயர்த்தவில்லை. "ஒழுகினது என் தம்பி கைத்தப்புன்னு காட்டுங்க. அன்னைக்கே அவன் கன்னைக் கீழ வச்சிடுவான். அப்புறம் எந்த ஜன்னலையும் தொட மாட்டான்" என்றேன்.

கன் என்பது சிலிக்கான் டியூபை மாட்டி அழுத்துகிற கைக்கருவி. தம்பிக்கு அது ஆறாவது விரல். அந்த விரலைத்தான் நான் வாக்காக வைத்துவிட்டு வந்தேன். சென்ற வாரம் உங்களுக்குச் சொன்ன கதையை அங்கேதான் நிறுத்தினேன்.

எங்கே ஒழுகுகிறது என்று தண்ணீர் அடித்துச் சோதிக்கப் போன நாள் காலையிலிருந்தே மேகம் தாழ்ந்து கிடந்தது. வண்டியைத் தம்பி ஓட்டினான். பின்னால் ஏணி ஆடிக்கொண்டே வந்தது.

"என்னைக் கேக்காம என் கையைப் பந்தயம் கட்டிட்டேக்கா."

"பந்தயம் இல்லடா. வாக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். தோத்தா எனக்குத்தான் போகும்."

"நீ தோப்பேன்னு தெரிஞ்சா வச்சிருப்பேனா?"

 கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. அவன் துடைப்பானைப் போடாமல் அந்தத் துளி வழிந்து ஓடுவதையே பார்த்தபடி ஓட்டினான். தொழில்காரன் மழையைப் பார்க்கிற பார்வையே வேறு.

வாசலில் ரேடியோ நின்றார்.

"வாங்க வாங்க! இந்தத் தடவை மழைக்கு முன்னாடி வந்துட்டீங்க. போன தடவை மழை முந்திக்கிச்சு."

"வாயைக் கொஞ்சம் மூடி வைங்க. சாரல் அடிக்குது" என்றேன். சம்பந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

மருமகள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். கண் நிமிரவில்லை. தாய்வீட்டில் இருந்தும் இளைத்திருந்தாள். தம்ளரை வாங்கியபோது, பெற்றவளுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"பெரியத்தை, சோதனை கண்டிப்பா பண்ணணுமா? பழசைச் சுரண்டிட்டுப் புதுசாப் பூசிடலாமே. மாமா பூசினா நிக்கும்."

"காரணம் தெரியாம மேல மேல பூசறது, சீழ் வச்ச புண்ணுக்கு பவுடர் போடற மாதிரி. நம்ம வீட்டுல அந்த வேலை கிடையாது."

அவள் முகம் மேலும் சுருங்கியது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கிறவளின் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடி அறைக்குத் தெருப்பக்கம் ஒரு பெரிய தள்ளு ஜன்னல். அதன் பக்கத்திலேயே பால்கனிக்குப் போகும் தள்ளு கதவு. இரண்டும் அலுமினியம். தம்பி வெளியே ஏணி சாய்த்து ஜன்னலருகே ஏறினான். நான் பால்கனியில் நின்றேன். கையை நீட்டினால் அவன் தோளைத் தொடலாம். கீழே குழாயடியில் சம்பந்தி. அறைக்குள் மருமகளும் அவள் அம்மாவும், கையில் உலர்ந்த செய்தித்தாளோடு. செய்தித்தாளைச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்தால், துளி ஈரம் பட்டாலும் கறுத்துக் காட்டிவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் செய்தி சொல்ல ரேடியோ தானே முன்வந்தார்.

இப்படிச் சோதிப்பதில் ஒரு முறை இருக்கிறது. எடுத்ததும் மேலே தண்ணீர் அடிக்கக் கூடாது. மேலே அடித்தால் எல்லா இடமும் நனையும், எங்கே புகுந்தது என்று தெரியாது. கீழ் ஓரத்தில் தொடங்கி, பொறுத்திருந்து பார்த்து, பிறகுதான் ஏற வேண்டும்.

தம்பி ஹோஸைக் கீழ் ஓரத்தில் பிடித்தான்.

"தண்ணி வருதா?"

"வரலை!" ரேடியோ அலறினார்.

பக்க ஓரம். தண்ணீர் சுவரில் பட்டுச் சிதறி என் புடவையை நனைத்தது. நான் நகரவில்லை.

"இப்ப?"

"வரலை!"

"நீங்க பாத்துச் சொல்லுங்க, உங்க தம்பி சொல்றதை நம்பாதீங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். சம்பந்தி அம்மாள் செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காஞ்சுதான் இருக்கு" என்றாள், ஏதோ நகை தொலைந்தவள் போல.

மறு பக்கம். வரவில்லை. தலை ஓரம். தம்பி ஏணியின் மேல்படியில் நின்று வெகுநேரம் பிடித்தான். செய்தித்தாள் மொறமொறப்பாகவே இருந்தது.

அவன் பூசிய ஓரத்தை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் நனைத்த கட்டைவிரலால் ஒரே இழுப்பில் இழுத்த வேலை. நடுவே மெல்லக் குழிந்து, இருபுறமும் இழைந்து, மயிரிழை பிசகாமல் ஓடியது. என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"போதுமா சம்பந்தி? பாத்தாச்சு இல்ல?"

கீழேயிருந்து சம்பந்தி தலையாட்டினார். ஆனால் ரேடியோவை யாராலும் நிறுத்த முடியாது.

"அது சரி, மழை என்ன டேப் வச்சு அளந்து ஓரத்துலயா பெய்யுது? கண்ணாடி மேல அடிங்க. கண்ணாடிக்குத்தானே முதல் அடி விழும்?"

"அடிச்சுட்டாப் போச்சு" என்றான் தம்பி. அவனுக்கும் உற்சாகம் வந்திருந்தது.

கண்ணாடியில் தண்ணீர் அடித்தான். அது வழிந்து, தள்ளு ஜன்னல் ஓடுகிற கீழ்த் தண்டவாளத்தில் இறங்கியது. இறங்கத்தான் செய்யும். அங்கே இறங்கும் தண்ணீர் வெளியே போவதற்கென்று அடிச்சட்டத்தின் வெளிமுகத்தில் சிறு துளைகள் வெட்டியிருப்பார்கள். தம்பி அதை மூக்கு என்பான். வாய், கண், காது எதை அடைத்தாலும் மூக்கை அடைக்காதே என்பது அவன் வேலைக்காரர்களுக்குச் சொல்கிற முதல் பாடம்.

தண்டவாளம் நிறைந்தது. ஒரு சின்ன வாய்க்கால் போலத் தளும்பியது. பிறகு உள்விளிம்பைத் தாண்டி, மெல்லிய தகடாக, உப்பிய மரத்தரையில் விழுந்தது.

"வருது! வருது! வந்துடுச்சு!" ரேடியோவுக்குத் தெரு முழுக்கக் கேட்கும் குரல். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

சம்பந்தி அம்மாள் ஈரச் செய்தித்தாளை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "இது என்னதுங்க? வேர்வையா?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஹோஸைக் கீழே விட்டிருந்தான். ஏணியில் இரண்டு படி இறங்கி, அடிச்சட்டத்தின் வெளிமுகத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

நான் குனிந்து பால்கனிக் கதவின் அடிச்சட்டத்தைப் பார்த்தேன்.

மூக்கு இல்லை. துளை இருக்க வேண்டிய இடமெல்லாம் சிலிக்கானால் அடைபட்டிருந்தது. அவசர வேலை அல்ல. பொறுமையாக, அழகாக, பிசிறில்லாமல் அடைத்த வேலை. ஆனால் கட்டைவிரல் குழிவு இல்லை. வழுவழுப்பாக, வட்டமாக, விளிம்பில் மெல்லிய ஒரு கோட்டோடு இருந்தது.

கரண்டியின் முதுகு.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குளியலறையின் ஓரம் அப்படித்தான் இருக்கும். மருமகளுக்குச் சிலிக்கான் தோலில் பட்டால் அரிக்கும். அதனால் தம்பி மகன் அவளுக்குக் கரண்டியால் இழுக்கக் கற்றுக்கொடுத்தான். அந்தக் கரண்டியை நானே சமையலறையிலிருந்து தள்ளிவைத்தேன்.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகள். அவள் தரையையோ தண்ணீரையோ பார்க்கவில்லை. என் கண் எங்கே போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஏணியில் தம்பி. அவனும் அவளைத்தான் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தலையை மிக லேசாக, வேண்டாம் என்று அசைத்தான்.

"என்ன அங்க? என்ன இருக்கு?" கீழேயிருந்து சம்பந்தி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"தண்ணி வெளிய போற துளை அடைஞ்சிருக்கு சம்பந்தி."

"யாரு அடைச்சது?"

"நான்தான். பூசும்போது சேத்து அடைச்சுட்டேன். என் கைத்தப்பு."



சம்பந்தி அம்மாள் பால்கனிக்கு வந்தாள். என் எதிரே நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அந்த மெதுவில்தான் விஷம்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா, இல்ல நான் எடுத்துக் குடுக்கவா?"

எனக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. கரண்டி முதுகைச் சுட்டிக்காட்டினால் தம்பியின் தொழில் பிழைக்கும். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணை அவள் பிறந்த வீட்டிலேயே, தெரு வேடிக்கை பார்க்க, குற்றவாளியாக நிறுத்தியவள் என்ற பெயர் எனக்கு வரும். அவளும் அப்புறம் எங்கள் வாசலை எப்படி மிதிப்பாள்? பேசாமல் இருந்தால் வாக்குக்கு வேலை வரும்.

வாக்குக் கொடுத்தவள் நான். கொடுத்த இடத்தில் நிற்கத்தான் வேண்டும்.

"தம்பி, கன்னைக் கீழ வை" என்றேன்.

அவன் இடுப்புப் பட்டையிலிருந்து கன்னை உருவினான். பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல், தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்தான். வைத்த கையைத் துடைத்துக்கொண்டான். தலைக்கு மேலே இடி புரண்டது.

"மாமா பொய் சொல்றாரு."

மருமகள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.  

"நீ உள்ள போம்மா" என்றான் தம்பி.

"போக மாட்டேன். அதை அடைச்சது நான். வேலை முடிஞ்ச மறுநாள் இந்த ரேடியோ மாமா அதைக் காட்டிச் சிரிச்சாரு." அவள் ரேடியோவைச் சுட்டினாள். "'ஊசி நுழைய ஓட்டை இருக்காதுன்னு பெருசாப் பேசினாங்க, இங்க பாரு, எலியே நுழையும் போல இருக்கே'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

ரேடியோ விழித்தார். "ஒரு விளையாட்டுக்குச் சொன்னேன். அப்புறம் பாத்தா அடைச்சிருந்துச்சு. சரி, ஆள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்."

"யாரும் வரலை. மாமனார் பூசாம விட்டுட்டாருன்னு நெனச்சேன். எங்க வீட்டு வேலையை எங்க அம்மா வீட்டுல நாலு பேர் சிரிச்சுடக் கூடாதுன்னு, நீங்க எல்லாரும் வெளிய போனப்ப மிச்சம் இருந்த டியூபை எடுத்து அடைச்சேன். மழையில தண்ணி வந்ததும், நான் சரியா அடைக்கலையோன்னுதான் பயந்துட்டே இருந்தேன். அது திறந்தே இருக்கணும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

சம்பந்தி அம்மாள் மகளையே பார்த்தாள். "மாமனார் மானத்தைக் காப்பாத்த எங்க தரையை நாசம் பண்ணியிருக்க. அதுவும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம."

"சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்கம்மா."

அவள் அம்மா கையிலிருந்த ஈரச் செய்தித்தாளைக் கசக்கினாள்.

தம்பி சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தான். ஏணியிலிருந்தபடியே ஒவ்வொரு அடைப்பையும் வெட்டி நெம்பினான். முதல் மூக்கு திறந்ததும், உள்ளே தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவன் மார்பை நனைத்தது. அடுத்தது திறந்ததும் இரண்டு தாரைகள். கீழே சம்பந்தி ஒதுங்க மறந்து நனைந்தார். பிறகு தம்பி பால்கனிக்குள் தாவி வந்து கதவின் மூக்குகளையும் திறந்தான். 

அப்போதுதான் மழை வந்தது. சோதிக்க வந்தது போல, நேரே அந்தக் கண்ணாடியில் அறைந்தது. எல்லோரும் அறைக்குள் நின்று தண்டவாளத்தையே பார்த்தோம். தண்ணீர் இறங்கியது, ஓடியது, மூக்கு வழியே வெளியே கொட்டியது. விளிம்பைத் தொடக்கூட இல்லை.

சம்பந்தி நனைந்த தலையோடு மேலே வந்தார். நடந்ததைக் கேட்டார். வெகுநேரம் மகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ எங்க பொண்ணாவே இருந்திருந்தா எங்ககிட்ட வந்து சொல்லியிருப்பா. சொல்லலை. உங்க வீட்டு மனுஷியாயிட்டா. கூட்டிட்டுப் போங்க."

சந்தோஷமாகச் சொன்னாரா, மனம் உடைந்து சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மகள் அவர் தோளைத் தொடப் போனாள். அவர் துண்டு எடுக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

மருமகள் பெட்டியை எடுக்கப் போனாள். நான் கைப்பிடிச் சுவரிலிருந்த கன்னை எடுத்துத் துடைத்துத் தம்பியிடம் நீட்டினேன்.

"புடி. உன் தப்பில்லைன்னு ஆயிடுச்சு."

அவன் வாங்கவில்லை. படி இறங்கி வண்டியருகே போய் மழையிலேயே நின்றான். நான் பின்னால் போனேன்.

"அந்தக் கரண்டித் தடத்தைப் பாத்தியா இல்லையாக்கா?"

"பாத்தேன்."

"நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பொய் சொன்னது நீதானே? நானா சொல்லச் சொன்னேன்?"

"பேசாம இருன்னுதான் நானும் தலையாட்டினேன். இல்லைங்கலை. ஆனா கன்னைக் கீழ வைன்னு சொன்னப்ப உன் குரல் கொஞ்சம்கூட உடையலையே. நான் அவளுக்காகப் பொய் சொன்னேன். நீ எதுக்காக என் கையை வெட்டின?"

"சபையில குடுத்த வாக்குடா."

"வாக்குக்குத் தம்பி இருக்கான். தம்பிக்கு யாரு இருக்கா?"

இளையவன் கேட்பதற்கெல்லாம் நடுத்தெருவில் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "வண்டியில ஏறு" என்றேன்.

பெட்டியோடு வந்த மருமகளின் கையில் சாவியை வைத்தான். "பாத்து ஓட்டும்மா. ரோடு வழுக்கும்" என்றான். சுவரில் சாய்த்த ஏணியைக்கூட எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்தான், முனையில் திரும்பினான். மருமகள் அழுதுகொண்டே வண்டியை எடுத்தாள். கன் என் மடியில் இருந்தது. வழியெல்லாம் அதன் ஈரம் புடவையில் இறங்கியது.

அவன் அன்றும் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எங்கே சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தம்பி மகன் தொலைபேசியில் அப்பாவைக் கேட்கும்போதெல்லாம் மருமகள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

மருமகள் வண்டி ஓட்டி வந்ததையும், சம்பந்தி வீட்டுச் சுவரில் ஏணி அப்படியே சாய்ந்து நிற்பதையும் சிலர் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, மழையில் வழுக்கி சிலிக்கான் மாஸ்டர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வீட்டார் மறைக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். விசாரிக்கக்கூட வந்துவிட்டார்கள்.

என் தம்பி ஏணியிலிருந்து விழவில்லை. தன் காலால் நடந்து போனான்.